கண்ணில் ஒரு வெள்ளைப் பொட்டு

— கையால வரைஞ்சதாக்கும். எத்தன தடவ கேட்டாலும் அதுதான் பதிலு.

— தொட்டுகூட பாக்காம சொல்லுதீங்களே ஆன்ட்ரூஸ். வாங்கி ஒரு நிமிசம் வெளிச்சத்துல வச்சு பாக்கண்டாமா?

— பாத்தாச்சு பிரிஜா. இஞ்ச இருந்தே தெரியுதே. கேன்வாஸ் துணி, ஆயில் பெயிண்டு. கருங்கல் சந்தையில மரச்சீனிக் கிழங்கு விக்கியவன்கிட்ட கேட்டாலும் இததான் சொல்லுவான்.

— கிழங்கு விக்கியவன்கிட்ட கேட்டா போதும்னா, நான் என்னத்துக்கு தேங்காய்ப்பட்டணத்துல இருந்து பஸ் ஏறி உங்க ஸ்டுடியோவுக்கு வரணும்?

— அதத்தான் நானும் கேக்குதேன். வாற ஞாயித்துக்கெழம கோயில்ல நம்ம கல்யாணத்துக்கு மூணாவது ஓலை வாசிக்கப் போறாங்க. கல்யாணப் பொண்ணு தனியா மாப்பிள்ளைக்க கடையில வந்து நின்னா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?

— சொல்லட்டும். மூணாவது ஓலைக்கு முந்தி எனக்கு இது தெரிஞ்சாகணும். வரைஞ்ச படமா, இல்ல போட்டோவா?

— வரைஞ்ச படம். முடிஞ்சுது. ஆமா, இது யாரு?

— கீழ பேரு எழுதியிருக்கே. வாசிக்கலியா?

— கண்ணாடி எடுக்கல பாத்துக்க.

— கண்ணாடி உங்க நெத்தியிலதான் இருக்கு.

— ஓ. ஆமா. ஏசுஅடிமை, தேங்காய்ப்பட்டணம். இது… உனக்க முந்தின மாப்பிள்ளையா?

— பின்ன? சுனாமி கொண்டு போன எனக்க மாப்பிள்ள. பிரேதமும் கெடைக்கல, போட்டோவும் மிச்சமில்ல. வீட்டோட கல்யாண ஆல்பமும் கடலுக்குப் போச்சு. நீங்க என்ன பெண்ணு பாக்க வந்த அன்னைக்கே இத சொன்னேன். போட்டோக்காரர்லா, அதுக்கு நீங்க ரொம்ப சங்கடப்பட்டீங்க. மறந்து போச்சா?

— மறக்கல. இப்பம் இந்த படம் எங்க இருந்து வந்துது?

— ஷார்ஜாவுல இருந்து. எனக்க கொழுந்தன் ரெனிஷ் குடுத்து விட்டான். மாமி அவன்கிட்ட எட்டு வருசமா ஒரே அரிப்பு. ‘எனக்க மவனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தணும்னா, முன்னால வைக்க ஒரு முகம் இல்லியே மக்கா’ன்னு. போன மாசம் அவன் போன்ல விளிச்சு, ‘மைனி, இஞ்ச ஒரு பெயிண்டர் உண்டு. நான் அண்ணனுக்க முகத்த சொல்லச் சொல்ல அவன் வரைஞ்சு தருவான்’னு சொன்னான். நேத்து ஒரு ஆளு கொண்டு தந்துட்டு போனான். சனிக்கெழம அவருக்கு பூசை வச்சிருக்கோம். இதுக்குத்தான் மாலை போடப் போறோம்.

— நல்ல காரியம்தானே! சொல்லச் சொல்ல வரையுத ஆளு உண்டு பிரிஜா. போலீஸ்காரன் கள்ளனுக்க படத்த பின்ன எப்பிடி வரையுதான்?

— கள்ளனுக்க படத்துல காது கிழிஞ்சதெல்லாம் வருமா?

— எந்த காது?

— இடது காது. மடலு கிழிஞ்சு ரெண்டா நிக்குது பாருங்க. சின்னதுல தூண்டில் கொளுவி கிழிஞ்சது. கூடக் கெடந்த எனக்கே மறந்து போச்சு. படத்த விரிச்ச பெறகுதான் ஓர்மை வந்துது. எனக்கு மறந்தது ரெனிஷுக்கு எப்பிடி ஓர்மை நிக்கும்?

— தம்பியில்லா. கூடப் பொறந்தவனுக்கு நிக்கும்.

— செரி, நிக்கட்டும். மீசையில நரை எப்பிடி வந்துது? அவரு போகும்போ ஒத்த நரை கெடையாது.

— அது வரையுதவன் யோசிச்சுப் போட்டது. இண்ணைக்கு இருந்தா இந்த வயசு ஆகியிருக்கும், கொஞ்சம் நரைச்சிருக்கும்னு கணக்காக்கியிருப்பான். கலைஞன்மாரு அப்பிடித்தான்.

— சாவுப் படத்துக்கா? கர்த்தர்கிட்ட போனவருக்கு வயசு ஏறுமா?

— நீ குதர்க்கம் பேசுத.

— இல்ல, கேக்குதேன். காலையில மாமி பூசைக்கு போனப்போ பஞ்சுல மண்ணெண்ணெய் தொட்டு ஓரத்துல தேச்சுப் பாத்தேன். வள்ளத்துக்கு பெயிண்ட் அடிக்கிய வீட்டுல பொறந்தவளாக்கும் நான். பெயிண்டுன்னா பஞ்சுல கொஞ்சமாவது ஒட்டும், தடவினா விரலுக்கு மேடு தட்டும். இதுல பிரஷ் கோடு கண்ணுக்கு தெரியுது, விரலுக்கு தெரியல. இது என்ன பெயிண்டு?

— மேல வார்னிஷ் அடிச்சிருப்பான். அதான் வழுவழுன்னு இருக்கு.

— எல்லாத்துக்கும் ஒரு பதிலு கையில வச்சிருக்கீங்க.

— நீ எல்லாத்துக்கும் ஒரு சந்தேகம் வச்சிருக்கியே, அப்பம் நான் என்ன செய்ய? பந்தலுக்கு ஆளு சொல்லியாச்சு. மூணு தங்கச்சிமாரையும் கெட்டிக் குடுத்துட்டு, இனி நமக்கு கல்யாணமே இல்லன்னு இருந்தவன் நான். இப்பம்தான் கர்த்தரு கண்ணு தொறந்திருக்காரு. ஒரு படத்துக்காக ஏன் இப்பிடி கெடந்து தோண்டுத?

— படத்துக்காக இல்ல ஆன்ட்ரூஸ். இது போட்டோன்னா, கேமராவுக்கு முன்னால அவரு நின்னிருக்கணும். எப்பம் நின்னாரு? சுனாமிக்கு முந்தின போட்டோ ஒண்ணும் உலகத்துல இல்ல. அப்பம் அதுக்குப் பெறகுதானே? அவரு உசுரோட இருந்தா நான் விதவையில்ல. நமக்குள்ள கல்யாணமும் இல்ல. பங்குச்சாமி மூணு ஞாயிறும் நம்ம பேர வாசிச்சுட்டு, ‘தடை அறிஞ்சவங்க வந்து சொல்லணும்’னு கேக்குறது பின்ன எதுக்காக்கும்?

— ஏட்டி, சும்மா இரி. செத்தவங்கள எழுப்பாத.

— செத்தாருன்னு நீங்க பாத்தீங்களா?

— ஊரே பாத்துது. கல்லறைத் தோட்டத்துல கல்லுல பேரு வெட்டியிருக்கு.

— கல்லுல வெட்டினது நாங்க சொன்ன பேருதானே. செரி, விடுங்க. அன்னைக்கு உங்க தங்கச்சிமாரு கூட நான் இஞ்ச வந்தப்போ ஒரு வித்தை காட்டினீங்களே. போட்டோவ பெயிண்டிங்கா மாத்துறது. அத இப்பம் எனக்க கண்ணு முன்னால செஞ்சு காட்டுங்க.

— இப்பமா? கரண்டு போற நேரம்.

— போவட்டும். வாறது வரைக்கும் இருக்கேன்.

— வேல குமிஞ்சு கெடக்கு பிரிஜா.

— கெடக்குத வேலையில ஒண்ண எடுத்து செய்யுங்க. நான் மிண்டாம பாத்துட்டு போறேன். வித்தை காட்ட என்ன பயம்?

— பயம் ஒண்ணும் இல்ல. இரி, அந்த ஸ்டூல இழுத்துப் போடு. கம்ப்யூட்டர்ல பாரு, இது ஜிஷான்னு ஒரு பிள்ள. கோயில்ல முதல் தடவ அப்பம் வாங்குத புதுநன்மை அன்னைக்கு எடுத்தது. தாயும் மவளும் நிக்குதாங்க. தகப்பன் சவுதியில இருந்து பிள்ள மட்டும் பெருசா வேணும், பெயிண்டிங் மாதிரி வேணும்னு கேட்டிருக்கான். அப்பம் முதல்ல தாய வெட்டணும். வெட்டியாச்சா? பின்னால சர்ச்சு சுவரு, அதையும் எடுத்துட்டு இந்த மங்கின நெறத்த நெரப்பணும்.

— இனி?

— இனிதான் பில்டரு. ஸ்கிரீன்ல உள்ள இந்த முள்ள வலத்தோட்டு இழுத்தா பிரஷ் கோடு தடிக்கும். இடத்தோட்டு இழுத்தா மெலியும். கன்னத்துக்கு மெலிசு, உடுப்புக்கு தடி. இப்பம் பாரு.

— எனக்க மாதாவே! ஆளு உக்காந்து வரைஞ்சதாட்டே இருக்கே.

— அதுக்காக்கும் கருங்கல்ல இத்தன ஸ்டுடியோ இருந்தும் ஆளு இஞ்ச வாறது.

— ஒரு காரியம் கேக்கட்டா? இந்த பில்டரு போட்டோவுல இல்லாதத சேக்குமா?

— அது எப்பிடி சேக்கும்? அதுக்கு மூளையா இருக்கு? இருக்கியத எடுத்து பூசும், அம்புட்டுதான்.

— நரைய சேக்காது.

— ம்.

— கிழிஞ்ச காத சேக்காது.

— பிரிஜா, இது ஜிஷாவுக்க படம். நீ எதையும் எதோடயும் முடிச்சுப் போடாத.

— முடிச்சுப் போடல. மேல செய்யுங்க. பிள்ளைக்க கண்ணு என்ன இப்பிடி செத்த மீன் கண்ணாட்டு கெடக்கு?

— அது பில்டருக்க கேடு. கண்ணுல உள்ள வெளிச்சத்த தின்னுரும். மத்தவனெல்லாம் அப்பிடியே பிரிண்ட் போட்டு குடுத்துருவான். நான் குடுக்க மாட்டேன். கருமணிக்கு மேல, இடப்பக்கமா, கையால ஒரு வெள்ளைப் பொட்டு வைப்பேன். சும்மா கடுகு கணக்குக்கு. இஞ்ச பாரு. இப்பம் பிள்ளைக்கு உசுரு வந்துட்டா?

— வந்துட்டு. எல்லா படத்துக்கும் இப்பிடி வைப்பீங்களா?

— எல்லாத்துக்கும். இது எனக்க கைவழக்கம். இந்தப் பக்கத்துல வேற எந்த ஸ்டுடியோக்காரனும் இதுக்கு மெனக்கெட மாட்டான்.

— நல்ல வழக்கம். பிள்ளைக்க தோளுல என்ன அது, நாலு பூச்சாட்டு?

— அது தாய்க்க விரலு. தாய் தோளுல கை போட்டுட்டு நின்னால்லா. ஆள வெட்டினாலும் விரலு மிச்சம் நிக்கும். அதுக்கு மேல பில்டரு ஓடினா இப்பிடி பூச்சாட்டு ஆயிரும். உடுப்புக்க நெறத்த எடுத்து மேல தேச்சா போயிரும்.

— தேய்க்கண்டாம். அப்பிடியே நிக்கட்டும்.

— ஏன்?

— எனக்க படத்தயும் இந்த கம்ப்யூட்டருக்கு பக்கத்துல பிடிக்கேன். ரெண்டையும் சேத்து பாருங்க. அவருக்க வலது தோளு.

— என்ன வலது தோளு?

— நாலு பூச்சு.

— சட்டை மடிப்பு.

— மடிப்புக்கு நகம் உண்டா?

— அது வெளிச்சம் பட்டிருக்கும்.

— நாலு மடிப்புக்கும் நுனியில மட்டும் வெளிச்சம் படுமா? பாருங்க ஆன்ட்ரூஸ், ஏன் அந்தப் பக்கம் பாக்குதீங்க? இது பெரியவங்க விரலுகூட இல்ல. குஞ்சு விரலு. முதுகுல ஏறிக் கெடக்குத பிள்ள தோள பிடிச்ச பிடி. பிள்ளைய வெட்டிட்டாங்க, விரலு நின்னுட்டு.

— தம்பிக்க பிள்ளையா இருக்கும்.

— ரெனிஷுக்கு கல்யாணமே ஆகல. எங்களுக்கும் ஒண்ணு இல்ல. ஒரு பிள்ளைக்காக நான் முட்டு தேய நடந்த கோயிலு எனக்குத்தான் தெரியும். அவரு தோளுல ஒரு குஞ்சு தூங்காதான்னு நெனச்சு நெனச்சு எனக்க நெஞ்சு வெந்தது எனக்குத்தான் தெரியும். சொல்லுங்க. இது வரைஞ்சதா?

— இல்ல.

— பின்ன?

— போட்டோதான். பில்டர் அடிச்சு கேன்வாஸ்ல பிரிண்ட் போட்டது. ஷார்ஜாவுல எவனோ ஒருத்தன் செஞ்சிருக்கான். எனக்கும் இப்பம்தான் மனசிலாச்சு.

— போட்டோவா குடுத்தா எப்பம் எடுத்ததுன்னு கேப்பாங்க. வரைஞ்சதுன்னா யாரும் கேக்க மாட்டாங்க. அதுக்காக்கும் ரெனிஷ் இந்த பெயிண்ட பூசச் சொன்னது. தாய்க்கு மவனுக்க முகத்த குடுத்தான், எனக்கு கள்ளத்த குடுத்தான். அண்ணன் எங்க இருக்காருன்னு அவனுக்கு தெரியும். இல்லியா?

— இருக்கும். இரி, தண்ணி குடி.

— வேண்டாம். இப்பம்தான் மனசிலாச்சுன்னு சொன்னீங்க.

— ஆமா.

— மெய்யாட்டும் இப்பம்தானா?

— மெய்யாட்டும்.

— அவருக்க கண்ண பாருங்க ஆன்ட்ரூஸ்.

— கண்ணுல என்ன?

— கருமணிக்கு மேல. இடப்பக்கம். கடுகு கணக்குக்கு.

— பிரிஜா…

— ரெண்டு கண்ணுலயும் இருக்கு. பக்கத்துல ஜிஷாவுக்க கண்ண வச்சு பாருங்க. சுவருல தொங்குத அந்த கல்யாணப் பொண்ணுக்க கண்ண பாருங்க. இந்தப் பக்கத்துல வேற எவனும் மெனக்கெட மாட்டான்னு நீங்கதானே இப்பம் சொன்னீங்க. ஷார்ஜாவுல எவனோ செஞ்சானா? கதவ சாத்தவும் வேண்டாம், நான் சத்தம் போட மாட்டேன். சொல்லுங்க.

— இரணியல்ல ஒரு ஸ்டுடியோ உண்டு. அவனுக்கு போட்டோ எடுக்க தெரியும், கம்ப்யூட்டர் வேல தெரியாது. ஆல்பம், பெயிண்டிங்கு எல்லாம் எனக்குத்தான் தள்ளுவான். நான் செஞ்சு குடுப்பேன், அவன் அவனுக்க பேருல விப்பான். உனக்க கொழுந்தன் அவனுக்கு மெயில் அனுப்பியிருக்கான். கருங்கல்ல குடுத்தா எனக்க கண்ணுல படும்னு இரணியலுக்கு அனுப்பியிருப்பான். அது சுத்தி எனக்க மேசைக்கே வந்துது. பிரிண்ட் ஆன பெறகு, ஷார்ஜாவுல இருந்து வந்ததாட்டு இரணியல்ல இருந்தே ஆளு விட்டு உனக்கு குடுத்திருக்கான்.

— முகத்த பாத்த உடனே தெரிஞ்சுதா?

— முகம் எனக்கு எப்பிடி தெரியும்? நீதான் போட்டோ இல்லன்னு சொன்னியே. கீழ எழுத பேரு குடுத்திருந்தான். பேரும், ஊரும், சுனாமி நாளும். அத டைப் அடிக்கும்போதான் எனக்கு கை நின்னு போச்சு. பங்குச்சாமி ஓலையில வாசிச்ச பேரில்லா. ‘காலஞ்சென்ற ஏசுஅடிமையின் விதவை பிரிஜா.’

— கை நின்னு போச்சு. பெறகும் அடிச்சீங்க. பிள்ளைய முதுகுல தூக்கிட்டு சிரிச்சு நிக்கிய ஒருத்தருக்குக் கீழ செத்த நாள எழுதினீங்க.

— எழுதினேன்.

— இது எப்பம்?

— ஒண்ணாவது ஓலைக்கும் ரெண்டாவது ஓலைக்கும் எடையில.

— ரெண்டாவது ஓலை அன்னைக்கு நீங்க ஆம்பிளையளுக்க பக்கத்துல நின்னீங்க. ‘தடை அறிஞ்சவங்க வந்து சொல்லணும்’னு சாமி கேட்டப்போ நான் திரும்பி உங்களத்தான் பாத்தேன். தலைய குனிஞ்சு நின்னீங்க. நான் பக்தின்னு நெனச்சேன்.

— நீ அப்பிடி பாத்தது எனக்கு தெரியும்.

— அந்த பிள்ள ஆணா, பெண்ணா?

— அத ஏன் இப்பம்?

— சொல்லுங்க.

— பெண்ணு. முன்பல்லு விழுந்த வயசு. அவருக்க சாயலுதான். பின்னால ஒரு கடை, மலையாளத்துல போர்டு இருந்துது. எந்த ஊருன்னு தெரியல. அதையும் வெட்டத்தான் உனக்க கொழுந்தன் சொல்லியிருந்தான்.

— வெட்டினீங்க.

— ஆமா.

— எட்டு வருசம் அவருக்காக கடலப் பாத்து அழுதிருக்கேன். கடக்கரையில நின்னு, பொங்கி வந்த அலைய சபிச்சிருக்கேன். அந்த மனுசன் கடலுலயே இல்ல. அத நான் தாங்கிக்குவேன் ஆன்ட்ரூஸ். அவரு விட்டுட்டு போனவரு. நீங்க கூட நிக்கப் போறவரு. எல்லாம் அறிஞ்சோண்டு என்ன பீடத்துக்கு முன்னால கொண்டு நிறுத்தப் பாத்தீங்களே. நான் வந்ததுல இருந்து எனக்க முகத்த பாத்து ஆயில் பெயிண்டு, வார்னிஷு, கலைஞன்மாருன்னு ஒரு கூசலும் இல்லாம சொன்னீங்களே.

— கூசல் இல்லாமலா? உனக்க முகத்த நேரா பாக்க முடியல எனக்கு. உண்மைய சொன்னா நீ போயிருவ. சொல்லாட்டி நீ எனக்கு. எனக்கு உன்ன பிடிக்கும் பிரிஜா. இந்த வயசுல ஒருத்தி வந்து எனக்க வீட்டு நடையில செருப்ப கழற்றுவான்னு நெனச்சு நெனச்சுதான் ஓரோ நாளும் விடியுது. வேற காரணம் ஒண்ணும் இல்ல.

— எனக்கும்தான் பிடிச்சுது. அதனாலதான் பங்குச்சாமிகிட்ட போறதுக்கு முந்தி இஞ்ச வந்தேன். நீங்க ‘போட்டோ’ன்னு ஒரு வார்த்த சொன்னா, உங்க கையப் பிடிச்சு கொஞ்சம் அழுதுட்டு போகலாம்னு வந்தேன். இனி நேரா சாமிகிட்டதான். ஞாயித்துக்கெழம ஓலை இல்ல.

— தெரியும்.

— படத்த நான் கொண்டு போறேன். மாமிக்க முன்னால நான் இத விரிக்கணும். அவ மவன் செத்தானா இருக்கானான்னு அவளுக்கும் தெரியணும்.

— நான் கூட வரட்டா?

— வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவ்வளவு சுத்தமா வேல செய்யுத ஆளு நீங்க. பிள்ளைய வெட்டினீங்க, கடைய வெட்டினீங்க, செத்த நாள எழுதினீங்க, கண்ணுக்கு பொட்டு வச்சு உசுரும் குடுத்தீங்க. அந்த நாலு விரல மட்டும் அழிக்க மறந்துட்டீங்களே. அதையும் அழிச்சிருந்தா சந்தேகத்தோடயாவது நான் உங்கள கெட்டியிருப்பேன்.

— மறக்கல பிரிஜா. அழிச்சு முடிச்சுதான் வச்சிருந்தேன். ரெண்டாவது ஓலை கேட்டுட்டு வந்த அன்னைக்கு, வாயால சொல்ல முடியாம, அந்த நாலு விரலையும் திரும்ப எடுத்து அவருக்க தோளுல நான்தான் வச்சேன்.